தனி அலகு கேட்கும் தம்பிமாருக்கு



இரண்டு கிழமையாக நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவும் அதன் பின்னால் ஒரு நீளமான எழுத்தும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு மற்றவருக்கு அனுப்பினார்கள், சிலர் திட்டினார்கள், பெரியவர்கள் வழமைபோல "இதெல்லாம் பொடியன்மார் கதை" என்று விட்டுவிட்டார்கள். எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒன்பதாம் ஆண்டில் வரலாறு படித்த பிள்ளை. கெட்டிக்காரன். ஆகவே பொடியன் கதை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளை யோசித்து எழுதினால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்வதன் சாரம் இதுதான். வாவிக்கு மேற்கே படுவான்கரை ஓரத்திலும், ஏறாவூருக்கு மேற்கே காட்டோரத்திலும், வாழைச்சேனைக்கு உள்ளேயும் சிதறிக் கிடக்கும் நமது குடும்பங்கள் இருக்கிற காணியை விற்றுவிட்டு காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை என்று நாலைந்து ஊர்களில் வந்து குவிய வேண்டும். செறிந்து விட்டால் யாராலும் அசைக்க ஏலாது. அதன் பிறகு பொத்துவிலில் இருந்து ஓட்டமாவடி வரை நமக்கென்று தனி அலகு. கச்சேரியிலும் கந்தோரிலும் யாருக்கும் தலை சொறிய வேண்டியதில்லை. கொழும்பு அதைத் தராவிட்டால் அடுத்த கட்டத்தையும் யோசிப்போம் என்று கடைசியில் ஒரு வரி. அந்தக் கடைசி வரியை எழுதும்போது தம்பிக்குக் கை நடுங்கியிருக்கும். இந்த நாட்டில் 1983ஆம் ஆண்டின் ஆறாவது திருத்தம் இன்னும் சட்டமாக இருக்கிறது என்பதையும், காத்தான்குடி என்ற முகவரியோடு அப்படியொரு வரி எழுதினால் 2019க்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையும் நான் தனியே கதைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் பயம் காட்டி வாயை அடைப்பது ஆசிரியர் வேலை இல்லை. சட்டமே இடம் கொடுத்தாலும் இந்தப் பாதை நமக்குச் சரியா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்தப் பிள்ளைகள் வயதுக்கு வந்த காலத்தைப் பாருங்கள். 2014 அளுத்கம. 2018 மார்ச் திகன. 2019 ஏப்ரல் 21இல் எவனோ செய்த பாவத்துக்கு, அவன் பிறந்த ஊர் என்பதற்காக, ஊரே குற்றவாளிக் கூண்டில் நின்றது. அதற்கு அடுத்த வருஷம் மௌத்தாகிப் போனவர்களின் மையித்தை எரித்தார்கள். இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். உலகம் முழுக்க அடக்கும்போது இங்கே மட்டும் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். 2021 மார்ச்சில்தான் அடக்க விட்டார்கள், அதுவும் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும். நாடு முழுவதிலுமிருந்து 3,600க்கும் மேற்பட்ட மையித்துகள் அந்த வறண்ட நிலத்துக்கு வந்து சேர்ந்தன. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை "எனக்கென்று ஆறடி நிலமாவது என் கட்டுப்பாட்டில் வேண்டும்" என்று கேட்டால், அதில் பிழை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விசயத்தை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்த மஜ்மா நகரில் அடக்கப்பட்டவர்களுள் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சிலர் இருக்கிறார்கள்.

கோபம் நியாயம். மருந்துதான் எனக்குச் சம்மதமில்லை.

தம்பி ஓர் அமெரிக்க உதாரணம் எழுதியிருந்தார். நியூ ஹம்ப்ஷயர் என்றொரு சின்ன மாநிலம், சனத்தொகை 14 இலட்சம் வரும். அரசாங்கத்தின் கை தங்கள் மேல் குறைய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் 20,000 பேர் அங்கே போய்க் குடியேறி மாநிலத்தையே தங்கள் வழிக்குத் திருப்புவது என்று 2001இல் ஒரு திட்டம் எழுந்தது. 2003இல் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், 2016இல் 20,000 கையெழுத்து நிரம்பியது. "அவர்களுக்கு முடியுமென்றால் நமக்கு ஏன் ஏலாது?" என்று கேட்கிறார். கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் உண்மையில் பெட்டி கட்டிக்கொண்டு போனவர்கள் சில ஆயிரம் பேர்தான். 2022 மார்ச்சில் அந்த மாநில சபையில் அமெரிக்காவை விட்டுப் பிரிவதற்கான ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 323. அதைவிட முக்கியம், அவர்கள் விட்டுவந்த வீடு விட்டுவந்த இடத்தில் அப்படியே நிற்கும். மனம் மாறினால் திரும்பிப் போகலாம். யாரும் வரம்பை உடைத்து உழுதிருக்க மாட்டார்கள். உறுகாமத்துக்காரரிடம் போய் அப்படிச் சொல்ல ஏலுமா?

நமக்குக் கிட்டிய உதாரணம் வேறு. பீகாரில் இருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன முஸ்லிம்களின் கதையை நம் பாடப்புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. 1947இல் பாகிஸ்தான் பிறந்தபோது, நமக்கென்று ஒரு நாடு கிடைத்துவிட்டது என்று பிறந்த மண்ணை விட்டு டாக்காவுக்கும் சுற்று ஊர்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். உர்து பேசுகிறவர்கள். இருபத்துநாலு வருஷத்தில் அந்த நாடே இரண்டாக உடைந்து 1971இல் பங்களாதேஷ் வந்தது. வங்காளிகளுக்கு இவர்கள் எதிரியின் ஆட்கள். பாகிஸ்தானும் எல்லோரையும் எடுக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடில்லாதவர்களாக முகாம்களில் கிடந்தார்கள். டாக்காவில் ஜெனீவா முகாம் என்றொரு இடம் இருக்கிறது, ஒரு அறைக்குள் ஒரு குடும்பம் என்று இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த நாட்டுப் பிரஜைகள்தான் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் சொல்லவே 2008 ஆகிவிட்டது. கலிமா ஒன்று, கிப்லா ஒன்று. ஆனாலும் கோடு கீறியவர்கள் கோடு மாறியபோது, கோட்டை நம்பி வீட்டை விற்றவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். குவிந்து வாழ வேண்டும் என்கிறாரே, எங்கே குவிவது? கிழக்கே கடல், மேற்கே வாவி, தெற்கே ஆரையம்பதி, வடக்கே நாவற்குடாப் பக்கம். இதற்கிடையில் காத்தான்குடிக்கு இருக்கும் தரை ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அதில் 40,000க்கு மேல் சனம். பதினாலு வருஷத்துக்கு முந்திய கணக்கு அது. இதற்கு மேல் நம் வழமை ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு. மூன்று பெண் பிள்ளை பெற்ற வாப்பா சவூதியில் உழைத்து, கடனும் பட்டு, இருந்த வளவை மூன்றாக வெட்டி, ஒன்றின் குசினிப் புகை மற்றதன் படுக்கையறைக்குள் போகும்படி மூன்று வீடு கட்டுகிறார். அடுத்த தலைமுறையில் அதையே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறோம். மாரி மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் வடிய இடமில்லை. மையவாடியிலும் இடமில்லை. (குடிபெயர்வதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது வேறு விசயம். கலியாணம் முடித்த அன்றே நம்ம ஆண்கள் எல்லோரும் பெண் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள்தானே.)

வயல்பக்கம் இரண்டு ஏக்கரை விற்றால் ஊருக்குள் எத்தனை பேர்ச்சஸ் வாங்கலாம் என்று ஒரு காணி புரோக்கரிடம் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். விற்கிறவன் ஏழையாகித்தான் ஊருக்குள் வருவான். முந்தநாள் வரை தன் வட்டையில் தன் நெல்லை வெட்டியவன், நாளைக்குக் கடைத்தெருவில் ஒருவரின் சம்பளக்காரன். இதில் விடுதலை யாருக்கு? காணி விலை ஏறுவதால் இலாபம் பார்க்கிறவர்களுக்கு இருக்கலாம். குரல் பதிவில் உற்சாகமாகப் பேசுகிறவர்களில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

"செறிந்து வாழ்ந்தால் பாதுகாப்பு" என்ற வாதம்தான் எல்லோர் மனதிலும் நிற்பது. அதற்குப் பின்னால் 1990 இருக்கிறது. அந்த வருஷம் ஓரத்துக் கிராமங்களில் இருந்தவர்கள் ஓடித்தான் தப்பினார்கள். ஊர் அவர்களைத் தாங்கியது. பள்ளிவாசலில், பாடசாலையில், சொந்தக்காரர் விறாந்தையில் படுத்தார்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அதே வருஷம் ஓகஸ்ட் 3ஆந் திகதி இஷா தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டது எல்லையோரக் கிராமத்திலா? இலங்கையிலேயே ஆகச் செறிந்த முஸ்லிம் ஊர்களில் ஒன்றின் நடு நெஞ்சில். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். அதுவும் செறிந்த ஊர்தான். குருக்கள்மடத்தில் நம்மவர்கள் இறக்கிக் கொல்லப்பட்டதோ ஊருக்குத் திரும்பும் வழியில். ஊர் எவ்வளவு செறிந்திருந்தாலும் வீதி அடுத்தவன் ஊருக்குள்ளால்தான் போகிறது. அந்த வீதியில் போகிறவனைக் காப்பாற்றுவது சனத்தொகைக் கணக்கு அல்ல, அடுத்த ஊரில் அவனைத் தெரிந்த நாலு பேர்.

அந்த ஓகஸ்ட் மாதத்தைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக ஏலாது. அதே நாட்களில் அம்பாறைப் பக்கம் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் தேடிய தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களோடு நம்ம ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். நாம் பள்ளிவாசல் சுவரில் உள்ள துளைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு சுவரைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தனி அலகு என்ற கோரிக்கைக்கு வருகிறேன். இது புதுக் கதை இல்லை தம்பி. 1976இல் வட்டுக்கோட்டையில் தமிழீழத் தீர்மானம் வந்தது. 1977 தேர்தலில் அஷ்ரப் அவர்களே கூட்டணியின் மேடைகளில் ஏறிப் பேசினார். அப்போது நம்மவர்களுள் படித்த ஒரு பகுதியினர் அந்த விடுதலையில் நமக்கும் பங்குண்டு என்று நம்பினார்கள். பதின்மூன்று வருஷத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணித்தியாலத்தில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர். ஒரு மக்களின் விடுதலை என்று தொடங்கியது, தன் கோட்டுக்குள் அகப்பட்ட இன்னொரு மக்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது கொடுத்த பதில் அது. நாம் அந்தப் பதிலின் அடியை வாங்கியவர்கள். அப்படியானால் நாம் ஒரு கோடு கீறும்போது அதே கேள்வி நம்மிடம் வருமா வராதா?

1981இல் இதே காத்தான்குடியில்தான் முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியது. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு வடக்கும் கிழக்கும் இணைந்தபோது, கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த நாம் இணைந்த மாகாணத்தில் சிறு துண்டாகிப் போனோம். அந்த நிலையில் அஷ்ரப் கேட்டது நியாயமான பாதுகாப்பு. ஆனால் அது வரைபடத்தில் இறங்கியபோது என்ன ஆனது? தென்கிழக்கு அலகு என்றால் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகள். அதாவது காத்தான்குடி வெளியே, ஏறாவூர் வெளியே, ஓட்டமாவடி வெளியே, மூதூரும் கிண்ணியாவும் வெளியே. கட்சி பிறந்த ஊரே அலகுக்கு வெளியே! உள்ளே இருப்பதோ காரைதீவு, பாண்டிருப்பு, தம்பிலுவில், திருக்கோவில் தமிழர்கள். நாம் சிறுபான்மை என்பதற்காகக் கேட்ட அலகில் அவர்கள் சிறுபான்மை.

இதற்கு மாற்றாகத்தான் பாண்டிச்சேரி மாதிரி வந்தது, நிலத்தொடர்பில்லாத அலகு. 2003 ஜனவரியில் ஒலுவில் பிரகடனம் நடந்த நாட்களில் எங்கள் வாப்பாமார் பாண்டிச்சேரி, பாண்டிச்சேரி என்று தேத்தண்ணிக் கடைகளில் பேசியது சின்ன வயதில் காதில் விழுந்தது ஞாபகம். நம்மில் எத்தனை பேர் அந்த மாதிரியைப் புரட்டிப் பார்த்தோம்? புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்குள், யானம் ஆந்திராவுக்குள், மாஹே அந்தப் பக்கம் கேரளக் கரையில். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன துண்டுகளை இந்திய மத்திய அரசு ஒரு கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. கயிற்றின் நுனி துணைநிலை ஆளுநர் கையில். மாஹேயைச் சுற்றித் தரைப் பக்கமெல்லாம் கேரளம். அங்கிருந்து எந்தப் பக்கம் வெளியே போனாலும் வேறொரு அரசாங்கத்தின் ரோட்டில்தான் ஏற வேண்டும். நம்ம அலகு வந்தாலும் அப்படித்தான். ஓட்டமாவடியில் இருந்து கல்முனைக்குப் போகிற பஸ் மட்டக்களப்பு நகருக்குள்ளால்தான் போகும். உன்னிச்சைத் தண்ணீர் உன்னிச்சையில் இருந்துதான் வரும்.

சரி, தமிழர் இல்லாத அலகு ஒன்று வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரச்சினை முடியுமா? சாய்ந்தமருதைப் பாருங்கள். கல்முனை மாநகர சபையில் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. சாய்ந்தமருதோ முழு முஸ்லிம் ஊர். ஆனாலும் "கல்முனைக்காரர் எங்களை ஆளுகிறார்கள், எங்களுக்குத் தனி நகர சபை வேண்டும்" என்று எழுந்தார்கள். 2018 பெப்ரவரித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழு நின்று அந்த ஊரையே வாரிக்கொண்டது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, வெடி கொளுத்தினார்கள். சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. ஒரே மொழி, ஒரே மார்க்கம், ஒரே கடற்கரை. நான் சாய்ந்தமருதைக் குறை சொல்லவில்லை, அவர்களுடைய கணக்கில் நியாயம் இருக்கலாம். அட்டாளைச்சேனையில் கல்விக் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் என் அறைத் தோழர்கள், இந்த விசயத்தில் அவர்களோடு வாதாடி வென்றவன் யாரும் இல்லை. ஆனால் பிரிவதற்கான காரணம் தேடினால் அது ஒருபோதும் தீராது. அலகுக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் ஊர், ஊருக்குள் குடி, குடிக்குள் வட்டாரம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் எதிர்ப்பதாக நினைப்பீர்கள். கோறளைப்பற்று மத்திப் பிரதேச செயலகம் போன்ற ஒன்று, பிறப்புச் சான்றிதழுக்கும் காணி அலுவலுக்கும் சனம் அலையாமல் இருக்க வருவது. வரட்டும். அதன் எல்லைப் பிரச்சினை இழுபடுவது அநியாயம், அதற்காக வாய் திறப்பவர்களோடு நானும் நிற்பேன். கல்முனை வடக்கில் தமிழர்கள் கேட்பதும் அதே வகைக் கோரிக்கைதான் என்பதை ஏற்கவும் நமக்கு நெஞ்சு வேண்டும். நமக்கு வந்தால் உரிமை, அவர்களுக்கு வந்தால் சதி என்று பேசினால் பிறகு நம்முடைய நியாயத்தை யார் கேட்பார்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் கிழக்கில் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சப் பேர் அக்குறணையில், மாவனல்லையில், பேருவளையில், புத்தளத்தில், கொழும்பு மாளிகாவத்தையில் சிங்களச் சனத்துக்கு நடுவில் கடை வைத்து வாழ்கிறார்கள். நாம் இங்கே இருந்து பிரிவினை என்று ஒரு சொல் சொன்னால் அதற்கான கண்ணாடி உடைவது நம்ம ஊரில் அல்ல. அவர்களையும் இங்கே குடிவரச் சொல்லப் போகிறோமா? எங்கே, அந்த 4 சதுர கிலோமீற்றருக்குள்ளா?

ஹிஜ்ரத்தை ஆதாரமாகக் காட்டி ஒருவர் கீழே எழுதியிருந்தார். நான் மௌலவி இல்லை, ஆகவே ஒரு வரலாற்று ஆசிரியனாக மட்டும் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டது துரத்தப்பட்டதால். மதீனாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அங்கிருந்த யூதக் கோத்திரங்களையும் சேர்த்து ஒரு சாசனம் எழுதியது. நம்மவர்கள் மட்டும் வாழும் ஊரைத் தேடி அவர்கள் போகவில்லை. கடைசியில் மக்காவுக்குத் திரும்பியும் வந்தார்கள்.

"அப்படியென்றால் இப்படியே அடங்கி இருக்கச் சொல்கிறீர்களா சேர்?" என்று என் மாணவன் கேட்பான். இல்லை. கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கிழக்கு மாகாணம் வடக்கில் இருந்து பிரிந்து 2007 ஜனவரி முதல் தனியே இருக்கிறது. 2012 கணக்கில் தமிழர் 39 வீதம், நாம் 37 வீதம், சிங்களவர் 23 வீதம். யாரும் தனியே ஆள ஏலாத மாகாணம். இதைவிட நல்ல பேரம் பேசும் இடம் இந்தத் தீவில் நமக்கு வேறெங்கும் இல்லை. 2012 மாகாண சபையில் தமிழ்க் கூட்டமைப்புக்கு 11 பேர், முஸ்லிம் காங்கிரஸுக்கு 7 பேர். அப்படியிருந்தும் 2015இல் முஸ்லிம் காங்கிரஸின் நஸீர் அகமட் முதலமைச்சரானார். கல்வி, விவசாயம் தமிழ் அமைச்சர்களிடம். அந்த ஆட்சி அற்புதம் எதுவும் செய்யவில்லை, ஆசிரியர் இடமாற்றத்தில் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் 1990ஐக் கடந்து இருபத்தைந்தே வருஷத்தில் அது நடந்தது.

அந்தச் சபை 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. அந்த வருஷம் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லாமல் 139 வாக்குகளால் தோற்றது. புதிய எல்லைகள் நம் வாக்கைச் சிதறடிக்கும் என்று நம்மவர்களும் எதிர்த்தார்கள், அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் பழைய முறையிலாவது நடத்துங்கள் என்று ஊர் ஊராக எழும்பியிருக்க வேண்டாமா? இத்தனை வருஷமாக நமது பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் ரோட்டையும் நாம் தெரிவு செய்யாத ஓர் ஆளுநர் பார்க்கிறார். இருக்கிற சபையைப் பூட்டி வைத்திருப்பதைப் பற்றி ஒரு குரல் பதிவும் வரவில்லை, இல்லாத அலகுக்கு நாற்பது நிமிடக் குரல் பதிவு.

அடுத்தது காணி. இதில்தான் எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது. எங்கள் மூத்தவாப்பாவுக்கு உன்னிச்சைப் பக்கம் வயல் இருந்தது. 1990க்குப் பிறகு யாரும் போகவில்லை. சண்டை முடிந்து எங்கள் மாமா போனபோது அதைச் செய்துகொண்டிருந்தவர், ஒரு தமிழ் விவசாயி, வரம்பில் நின்று, "ஹாஜியார்ட மகனா?" என்று கேட்டு, கச்சானும் தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார். அந்தப் போகத்தில் இருந்து குத்தகை நெல் வருகிறது. எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை, எனக்குத் தெரியும். பலருக்கு வரம்பைத் தாண்டவே விடவில்லை. உறுகாமம், ஒல்லிக்குளம், கீச்சான்பள்ளம் என்று பெயர் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது.

ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. தனியார் காணியை ஒருவர் பத்து வருஷம் எதிரிடையாகப் பிடித்து அனுபவித்தால் அது அவருக்கே உரித்தாகிவிடும் என்பது பழைய சட்டம். யுத்தத்தால் போக ஏலாமல் இருந்தவர்களுக்கு அந்தப் பத்து வருஷக் கணக்கைப் பார்க்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துவிடலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2018இல் அந்தக் காலம் முடிந்தது. நம்ம ஊரில் எத்தனை பேர் வழக்குப் போட்டோம்? எத்தனை வெள்ளிக்கிழமை இதை மிம்பரில் சொன்னோம்? அலகு, அலகு என்று மேடையில் முழங்கிய எந்தத் தலைவர் ஒரு சட்டத்தரணியை உட்கார வைத்து, உறுதி இருக்கிறவர் வாருங்கள் என்று அழைத்தார்? விடுதலை என்ற சொல்லுக்கு என் அகராதியில் முதல் பொருள், வாப்பாவின் காணி உறுதி என் கையில் இருப்பதும் அந்தக் காணிக்குள் நான் பயமில்லாமல் நடப்பதும். அதை விற்றுவிட்டு வரச் சொல்கிறவர் எந்த விடுதலையைத் தரப் போகிறார்?

அங்கே திரும்பிப் போய் இருக்கிறவர்களை ஊர் தாங்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு படுவான்கரை முன்னையது இல்லை. முன்பு பாதைக்காகக் கரையில் காத்துக் கிடந்தோம், இப்போது மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரம். நம்ம துணி வியாபாரிகள் அந்தப் பக்கம் கடனுக்குக் கொடுத்து அறுவடைக்குப் பிறகு வாங்குகிறார்கள். அந்தப் பக்கத்துத் தயிர் இல்லாமல் நமக்கு நோன்பு போகுமா? இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றும் சண்டையும் இருக்கிறது, ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமும் இருக்கிறது.

பாடசாலையைச் சொல்லாமல் விட ஏலாது, அது என் தொழில். நமது பிள்ளையும் ஆரையம்பதிப் பிள்ளையும் ஒரே மொழியில் ஒரே பாடப்புத்தகத்தைப் படிக்கிறார்கள். நடுவில் ஒரு வீதி. ஆனால் பாடசாலை வேறு, விடுமுறை வேறு, விளையாட்டுப் போட்டி வேறு. பதினெட்டு வயது வரை ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே வளர முடிகிறது. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும்போது ஒரே மேசையில் தமிழ் ஆசிரியர்களோடு நாட்கணக்கில் இருப்பேன். வரலாற்றுத் தாளில் அவர்கள் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகளும் விடும் பிழைகூட ஒன்றுதான். அன்று ஒரு டீச்சர் கேட்டா, "சேர், எங்கட பிள்ளைகள உங்கட ஊர் நூதனசாலைக்குக் கூட்டிவந்தா பிரச்சினை இல்லியே?" என்று. நாலு கிலோமீற்றர் தூரத்தில் இருந்து வருவதற்கு அனுமதி கேட்கிறா. தனி அலகு ஒன்று ஏற்கெனவே மனதுக்குள் வந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

கருத்துச் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், குரல் பதிவு போட்ட தம்பியையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவரைத் திட்டி எழுதுவதை மட்டும் நீக்கிவிடுவேன். இன்னொன்று, படுவான்கரையிலோ உறுகாமத்துப் பக்கமோ காணி உள்ளவர்கள், உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரி ரசீது என்று எது இருந்தாலும் ஒரு போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். கறையான் தின்றிருந்தாலும் பரவாயில்லை, இலக்கம் தெரிந்தால் போதும். 1990இல் கைவிட்டு வந்த பெட்டியோடு பத்திரம் போனவர்கள், காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் விசயம் வேறு, பிரதேச செயலகத்துக்குத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு உட்காருகிறோம், காசு வேண்டாம். விற்கப் போகிறவர்கள் அதற்கு முன் ஒருதடவை வந்து கதைத்துவிட்டுப் போங்கள்.